ஏழாக எரிந்த விளக்கு

என் வயதொத்தவர்களுக்கு ஒரு கேள்வி. சின்ன வயதில் இரண்டு விரல்களை ஒட்டிப் பிடித்து, நடுவே மயிரிழை அளவு சந்து மட்டும் விட்டு, அதைக் கண்ணருகே கொண்டுபோய் வானத்தைப் பார்த்ததுண்டா? அந்தச் சந்துக்குள் நெடுக்காகக் கறுப்புக் கோடுகள் தெரியும். விரலிலும் கோடு இல்லை, வானத்திலும் கோடு இல்லை. எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் கேட்டால், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று தலையில் ஒரு குட்டு விழும். எனக்கும் விழுந்திருக்கிறது. அந்தக் குட்டோடு நான் நிறுத்தியிருந்தால் என் சித்தப்பா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார்.

நான் சொல்வது தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில் கரண்ட் வருவதற்கு முந்தைய காலம். மூங்கில் தட்டியில் மண் பூசிய வீடுகள், லைன் லைனாக. மில்லில் கல் இடிக்கிற சத்தம் ராத்திரி பகல் ஓயாது. அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம். என்றைக்காவது அது நின்றுவிட்டால் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஷிப்டுக்குப் புறப்படும்போது நைனா தொப்பியின் முன்பக்கம் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் ஒரு மெழுகுவத்தியைச் செருகிக்கொள்வார். அந்தக் களிமண்ணை உருட்டிக் கொடுப்பது என் வேலை. சரியாக உருட்டவில்லை என்றால் மெழுகுவத்தி சாய்ந்து மூக்கில் மெழுகு சொட்டும் என்பார். எட்டு வயதில் நான் செய்த வேலைகளில் யாரும் குறை சொல்லாதது அது ஒன்றுதான்.

அந்த மழைக்காலத்தில் உள்ளே பாறை சரிந்து நைனா போய்விட்டார். உடம்பைக் கோணியில் சுற்றி மேலே கொண்டுவந்தார்கள். முகத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. காட்டாமல் விட்டது நல்லதற்கு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பெரியவர்கள் நல்லதற்கு என்று மறைத்தவற்றை எல்லாம் இன்றும் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பெரியவர்கள் விட்டுவந்த ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்ததல்ல. அங்கே பூமிக்கு அடியில் போய் யார் செத்தார்கள்? இங்கே வந்த பிறகு இவர்களே ஏற்படுத்திக்கொண்டது. உள்ளே செத்தவனின் உடம்பை மேலே தூக்கிவிடலாம், உயிருக்கு வழி தெரியாது. அதனால் அவன் விழுந்த இடத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, ரத்த சொந்தம் ஒருவர் அதை அணையாமல் கேஜில், ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், மேலே கொண்டுவர வேண்டும். உயிர் அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே ஏறிவரும். வீட்டு அகலை அதிலிருந்து ஏற்றி, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் காப்பாற்ற வேண்டும். நடுவழியில் சுடர் அணைந்தால் அவன் கீழேயே நின்றுவிடுவான்.

நைனாவின் சுடரைக் கொண்டுவந்தவர் சித்தப்பா, நைனாவின் ஒரே தம்பி. அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை. சுரங்க வாயான ஷாப்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் இரண்டு கையாலும் சுடரை மூடிக்கொண்டு நடந்து வந்தார். வழி நெடுகப் பெண்கள் தலை குனிந்து நின்றார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்தோம்.

அகலைச் சுவர் மாடத்தில் வைத்தார்கள். அம்மா எண்ணெய் ஊற்றுவாள், திரி தூண்டுவாள், கூரைமேல் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பாள். தான் மட்டும் சாப்பிடமாட்டாள். பேச்சும் இல்லை. நான்கு நாளில் வளையல் கழற்றிய அவள் கை என் கையைப் போல் ஆகிவிட்டது. அடுத்தது இவள்தான் என்று தண்ணீர்த் தொட்டியருகே இரண்டு பேர் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன். அன்று முதல் ராத்திரியில் அவள் மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

ஐந்தாம் நாள் சோற்றுக்கு வந்த காக்கை ஓர் இறகைப் போட்டுவிட்டுப் போயிற்று. காக்கை இறகை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பாவாடை மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். வெளியே தூறல், உள்ளே இருட்டு. வாசற்படியருகே உட்கார்ந்து, விரல் சந்து வழியே பார்ப்பதுபோல அந்த இறகைக் கண்ணோடு ஒட்டி வைத்து மாடத்து விளக்கைப் பார்த்தேன்.

ஏழு விளக்கு எரிந்தது.

நடுவில் நைனாவினுடையது. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று, கொஞ்சம் சாய்வாக ஒரே வரிசை. பக்கத்துச் சுடர் ஒவ்வொன்றுக்கும் உள்ளோரம் நீலம், வெளியோரம் சிவப்பு. ஓரத்துக்குப் போகப் போக மங்கல். தொப்பியில் மெழுகுவத்தி வைத்தவர்கள் இருட்டில் வரிசையாக வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தட்டிச் சந்தில் காற்று வந்தது. ஏழும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் தலை சாய்த்தன.

விளக்கு என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. “அம்மா, நைனாகூட இன்னும் ஆறு பேரு வந்துகீறாங்க” என்றேன்.

அம்மா எழுந்து வந்தாள். இறகைப் பார்த்ததும் அடிப்பாள் என்று நினைத்தேன். வாங்கித் தன் கண்ணில் வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். பிறகு, நைனா விழுந்த அதே லெவலில், சுரங்கத்தின் அதே மட்டத்தில், அதற்கு முன் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆறு பெயர். இன்று யோசித்தால், எட்டுச் சுடர் தெரிந்திருந்தால் எட்டுப் பெயர் கிடைத்திருக்கும். அந்த லெவலில் பெயர்களுக்கா பஞ்சம்? ஆனால் அன்று ஆறு என்பது ஆறாகவே வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கு அம்மா சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவள் புருஷன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. உடம்பும் கிடைக்கவில்லை, சுடரும் வரவில்லை. இறகைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “அந்த ஓரமா ஒதுங்கி நிக்கிறது அவருதான். எங்க போனாலும் ஓரமாத்தான் நிப்பாரு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்கப்புறம் தினமும் சாயந்திரம் நான்கைந்து பெண்கள் வந்துவிடுவார்கள். யாரும் அழமாட்டார்கள். வரிசையாக உட்கார்ந்து, இறகைக் கைமாற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். கத்திரிக்காய் விலையைக்கூடச் சொல்வார்கள். சுடர்கள் பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பேசுவார்கள். அந்த இடைவெளிதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னைத் தாயி என்று கூப்பிட்டு வெல்லக் கட்டி கொடுத்தார்கள். களிமண் உருட்டிய கைக்கு அப்படி ஒரு மரியாதை.

குட்டு வாங்கிய புத்தி சும்மா இருக்குமா? எட்டாம் நாள் பகலில், அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு அடுப்படித் தகர விளக்கை ஏற்றி, எட்டப் போய் நின்று இறகு வழியே பார்த்தேன். ஏழு. செத்தவர்களுக்கும் அடுப்படித் தகர விளக்குக்கும் என்ன உறவு? இறகைக் கொஞ்சம் திருப்பினேன். வரிசையும் திரும்பிற்று. இன்னும் திருப்பினேன். ஒருவர் தலைமேல் ஒருவராக நின்றார்கள். மாடத்து விளக்கைப் பார்த்தேன். அங்கேயும் நான் திருப்பிய பக்கம் திரும்பினார்கள். என் கைக்குக் கட்டுப்பட்டு நைனா ஆடுவாரா? ஒரு புறா இறகு தேடிக் கொண்டுவந்து பார்த்தேன். அதில் ஐந்துதான், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. அப்போது தெரிந்துவிட்டது. வந்தது யாருமில்லை, எல்லாம் இறகு செய்கிற வேலை.

எப்படிச் செய்கிறது என்பது அப்போது தெரியாது. என் பேரப்பிள்ளை காலேஜில் படிக்கப் போனபோது அவன் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இறகில் கண்ணுக்குத் தெரியாத சன்னச் சந்துகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கின்றனவாம். அவற்றில் நுழைகிற வெளிச்சம் நேரே போகாமல் விரிகிறது. தொட்டித் தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல் போட்டால் வளையமும் வளையமும் குறுக்கிடும் அல்லவா, அதுபோல ஒரு சந்தின் அலையும் அடுத்த சந்தின் அலையும் சேர்கின்றன. மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் ஒரு சுடர். மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் இருட்டு. சந்து எவ்வளவு நெருக்கமோ சுடர்கள் அவ்வளவு விலகும். நீலத்தைவிடச் சிவப்பு அதிகம் விலகும். விரல் சந்தின் கறுப்புக் கோடும் இதே சமாசாரம்தான். வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்து இருட்டாகும் என்று அச்சில் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

எட்டாம் நாளே தெரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சாப்பிட ஆரம்பித்திருந்தாள், அதுதான் முதல் காரணம். எதிர்வீட்டு அக்கா ஓரத்துச் சுடரிடம் தன் குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் அது இறகு என்று எப்படிச் சொல்வது? வெல்லக் கட்டியும் ஒரு காரணம், மறைக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. அடுத்த நாள் இறகு நான் வைத்த மாடத்தில் இல்லை. அடுப்படித் தகர விளக்கின் அருகில் கிடந்தது. நான்தான் மறந்து வைத்திருப்பேன் என்று எடுத்து மாடத்தில் வைத்தேன்.

இந்தச் செய்தி சித்தப்பா காதுக்கும் போயிற்று. அவர் வந்தால் பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். நீ கொண்டாந்த வெளிச்சத்துலதான் எல்லாரும் வந்தாங்க என்று எதிர்வீட்டு அக்கா அவர் காலைத் தொடப் போனாள். அவர் பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொண்டார். இறகை நீட்டினார்கள். வாங்கவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டியருகே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் குழிவிழுந்து, சவரம் செய்யாமல், பார்க்கவே வேறு ஆளாக இருந்தார்.

“பாப்பா, நடுவுல கீறது உங்க நைனாதானா? நல்லாப் பாத்தியா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“யார்கிட்டயும் சொல்லாதே. கேஜு கெளம்பின ஒடனே காத்துல அணைஞ்சிடுச்சி. மேல வந்து, யாரும் பாக்கறதுக்கு முன்ன குச்சி கிழிச்சிப் பத்த வெச்சிக்கினு வந்தேன். அண்ணன் கீழயேதான் கீறாரு.” கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணீரையே பார்த்தார். “அப்போ உங்க வூட்டுல வந்து நிக்கிறது யாரு?”

எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. அது இறகு, சித்தப்பா. குச்சி நெருப்பிலும் ஏழு தெரியும், அடுப்பிலும் தெரியும், இப்போதே காட்டுகிறேன் வாருங்கள் என்று. சொன்னால் அவர் அம்மாவிடம் சொல்வார். அம்மா மறுபடியும் தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் மூக்கின்கீழ் விரல் வைத்துப் படுத்த ராத்திரிகள் எனக்கு மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினார். ஆணியால் சுற்றிலும் துளை போட்டு, உள்ளே களிமண்ணில் மெழுகுவத்தி நிற்க இடம் செய்திருந்தார். இதற்குள் வைத்தால் கேஜ் காற்று ஒன்றும் செய்யாது, காரியத்துக்குள் அண்ணனைச் சரியாகக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றார். அந்தக் களிமண்ணை உருட்டித் தரச் சொன்னார். உருட்டிக் கொடுத்தேன்.

நைனா விழுந்த இடத்தைக் கம்பெனி பலகை அடித்து அடைத்துவிட்டிருந்தது. அடைத்த இடத்தில் காற்று கெட்டுக் கிடக்கும். அங்கே மெழுகுவத்தி எரியாது. எரியாவிட்டால் ஓடி வந்துவிட வேண்டும். சுரங்கத்தில் கால் வைத்த முதல் நாள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது இதுதான். சித்தப்பாவுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நைனாதான் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் சாயந்திரம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. இறகை எடுத்துக்கொண்டு ஷாப்டுக்கு ஓடினேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் ஓடினேன். மழை இருட்டு. வேலிக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்திவிட்டார்கள். கேஜ் நிரம்பிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சித்தப்பா நின்றார், டப்பா மடியில் புடைத்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். மில் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இறகைக் கண்ணில் வைத்தேன்.

அவர் தொப்பியில் ஒரு மெழுகுவத்தி. இறகுக்குள் ஏழு. மற்றவர்களுடையதும் ஏழேழாக ஒன்றுக்குள் ஒன்று கலந்து, அந்தச் சின்னக் கேஜுக்குள் ஒரு கும்பலே நின்றது. அது இறகு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் கை இறங்கவில்லை. மணி அடித்தது. அத்தனை பேரும் தலை சாய்க்காமல் நேராகப் பூமிக்குள் இறங்கிப் போனார்கள்.

அதன் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை. சோற்று நேரத்தில் கூட வேலைசெய்த கும்பலை விட்டு நழுவி, பலகையைப் பெயர்த்து உள்ளே போயிருக்கிறார். விடியற்காலையில் கண்டுபிடித்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மடியில் தகர டப்பா, அதில் திரி கருகிய மெழுகுவத்தி. சுற்றிலும் குச்சிகள். ஒரு பெட்டிக் குச்சியையும் கிழித்துக் கிழித்துப் பார்த்திருக்கிறார். வேறு எந்த ஆளாக இருந்தாலும் இரண்டாவது குச்சி பிடிக்காதபோதே காற்று கெட்டுக் கிடக்கிறது என்று ஓடி வந்திருப்பான். இவர் அண்ணன் கோபித்துக்கொண்டு வர மறுக்கிறார் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கடைசிக் குச்சி வரைக்கும் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

சித்தப்பாவுக்குச் சுடர் கொண்டுவர ரத்த சொந்தத்தில் ஆண் யாரும் இல்லை. அவர் கும்பலின் மேஸ்திரிதான் மெழுகுவத்தியோடு வீட்டு வாசலுக்கு வந்தார். பெரிய மனிதர், நாற்பது சாவு பார்த்தவர் மாதிரி முகம். அம்மா அகலை நீட்டிக்கொண்டு, இது அங்கே ஏற்றியதுதானா என்று கேட்டாள். நான் அதற்குள் அழுதுகொண்டே தொட்டியருகே கேட்டதை எல்லாம் கொட்டியிருந்தேன், இறகைப் பற்றியதைத் தவிர.

மேஸ்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பொய் சொல்ல மனசு வரலம்மா. ஷாப்டு வாயிலதான் பத்த வெச்சேன். கேஜு காத்துல எந்த நெருப்பு நிக்கும்? எங்க அப்பனுக்கு நானும் அப்படித்தான் பத்த வெச்சேன். கொண்டாந்தவன் எல்லாரும் அப்படித்தான் செஞ்சிருப்பான். பொம்பளைங்க மனசு ஒடைஞ்சிடும்னு ஒருத்தனும் வாயத் தெறக்கல. செத்துப்போன அந்தப் புள்ளைகிட்டயாவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

எதிர்வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் எங்கள் நல்லதுக்கு மறைத்தார்கள். நான் அம்மாவின் நல்லதுக்கு மறைத்தேன். இரண்டும் வெளிச்சம்தான். இரண்டும் சேர்ந்த இடத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

அம்மா அந்த மெழுகுவத்தியிலிருந்தே அகலை ஏற்றினாள். சாயந்திரம் மாடத்தில் இரண்டு விளக்கு எரிந்தது. அன்று பெண்கள் யாரும் வரவில்லை. அம்மா இறகை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“பாரு. அவன் வந்தானா?”

பார்த்தேன். பதினாலு சுடர், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, யாருடையது எது என்று பிரிக்க முடியாதபடி. நீலத்துக்குள் சிவப்பு. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தெரியும்.

“வந்துட்டாரும்மா. நைனா பக்கத்துலதான் நிக்கிறாரு” என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். இறகை வாங்கினாள். தான் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு வருஷம் காத்திருந்து தன் புருஷனைப் பார்த்த இறகை இவள் கண்ணருகே கொண்டுபோகக்கூட இல்லை. நேராகச் சுடரில் காட்டிப் பொசுக்கினாள். அந்த மயிர் கருகிய நாற்றம் ரொம்ப நாள் வீட்டை விட்டுப் போகவில்லை.

இந்த வயதில்தான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த ஒன்பதாம் நாள் இறகை அடுப்படி விளக்கின் அருகில் நான் மறந்து வைக்கவில்லை. அம்மாவும் இறகு வழியே அந்த விளக்கைப் பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகும் சாப்பிட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதற்காக. எனக்கு உறுதியாகத் தெரியாது. கேட்பதற்கு அவளும் இல்லை.

இறகு சாம்பலானதும் அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டே இருக்க, தானும் இரண்டு கவளம் சாப்பிட்டாள்.